துடைக்காமல் அளந்த நாய்க்குட்டி

நாய்க்குட்டி பார்க்கப் போனபோது கையில் செக்‌ஷீட்டோடு போனேன் என்று சொன்னால் எங்கள் கம்பெனியில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் பதினான்கு வருஷமாக வேலை பார்க்கிறேன். லாரியில் வந்து இறங்கும் சரக்கை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சை டேக் கட்டுவது, இல்லாவிட்டால் சிவப்பு டேக் கட்டுவது, இதுதான் என் வேலை. நான் சிவப்பு கட்டிய பெட்டியை மேனேஜரே வந்து கெஞ்சினாலும் பிரிக்க விடமாட்டேன். வெண்டைக்காய் வாங்கினாலும் ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்க்கிறவள் நான். நாயை மட்டும் சும்மா தூக்கிக்கொண்டு வந்துவிடுவேனா?

விளையாட்டுக்குச் சொல்கிறேனே தவிர, செக்‌ஷீட்டுக்குக் காரணம் என் மகள். அவளுக்கு அப்போது பதினோரு வயது. மூன்று வயதிலிருந்து வீசிங். தூசி பட்டால், புகை பட்டால் நெஞ்சுக்குள் ஒரு சின்ன விசில் கிளம்பும். தினமும் காலையில் அவள் முதுகில் காது வைத்துக் கேட்டுவிட்டுத்தான் நான் காபியே போடுவேன். எங்கள் சேரப்பணஞ்சேரித் தெருவில் குட்டி போடாத நாய் கிடையாது. ஒவ்வொரு முறையும் இவள் ஒன்றைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வருவாள், நான் திருப்பி விட்டுவிட்டு வரச் சொல்லுவேன். அழமாட்டாள். அழுதால் இழுப்பு வரும் என்று அவளுக்கே தெரியும். அந்த அழாத முகத்தைப் பார்ப்பதுதான் எனக்குக் கஷ்டம்.

போன வருஷம் ஒரு நாள் என் கணவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கத்திக்கொண்டு வந்தார். அவர் ஷிப்ட் பஸ் ஓட்டுகிறவர். "நாய் கீது! முடி கொட்டாத நாய் கீது!"

விஷயம் இதுதான். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வெளிநாட்டு அதிகாரிக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒருவர், திருநெல்வேலிக்காரர், டீக்கடையில் இவருக்குப் பழக்கம். அந்த அதிகாரி குடும்பத்தோடு சொந்த நாட்டுக்குத் திரும்பியபோது தாங்கள் வளர்த்த பூடில் நாயை இந்த டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்கள். வந்த இடத்தில் அது வீட்டு ஓனர் வளர்க்கும் பொமரேனியனோடு சிநேகமாகி நான்கு குட்டி போட்டுவிட்டது. நெல்லைக்காரருக்கு இப்போது ஊர்ப்பக்கமே வேலை கிடைத்திருந்தது. மாசக் கடைசி ஞாயிறு காலையில் வீட்டைக் காலி செய்கிறார்கள். தாய் அவர்களோடு போகிறது. குட்டிகளை நல்ல வீடாகப் பார்த்துச் சும்மாவே கொடுக்கிறார்கள்.

"பூடில்னா முடி கம்பளி மாரி சுருண்டுகினு கீதாம், கொட்டவே கொட்டாதாம். பாப்பாக்கு ஒண்ணும் ஆவாது," என்றார்.

மகள் நின்ற இடத்திலேயே குதித்தாள். எனக்கும் உள்ளுக்குள் குதித்தது, காட்டிக்கொள்ளவில்லை. சப்ளையர் சொல்வதை நம்பி நான் எந்தக் காலத்தில் பச்சை கட்டியிருக்கிறேன்?

மறுநாளே மகளைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "பூடில் கலப்புன்னா முடி கொஞ்சம் கம்மியா கொட்டலாம். அதுவும் கலப்புல எந்தக் குட்டிக்கு எந்த முடி வரும்னு சொல்ல முடியாது. தொந்தரவு முடியில மட்டும் இல்லம்மா, எச்சில்லயும் தோல்லயும் இருக்கு. ஒத்துக்குமான்னு நான் கேரண்டி தர முடியாது. வாங்கறதுக்கு முன்னாடி அதே குட்டியோட சில தடவ உக்கார வெச்சுப் பாருங்க," என்றார். ஊதிப் பார்க்கிற குழல் ஒன்று அவர் கொடுத்து ஏற்கெனவே எங்களிடம் இருந்தது. பலம் கொண்ட மட்டும் ஊதினால் முள் மேலே ஏறும். நல்ல நாளில் ஏறுகிற இடத்தில் ஒரு பச்சைக் கோடும், உஷாராக வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புக் கோடும் போட்டிருந்தோம்.

எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அளவுகோல் இருக்கிறது, பாகம் இருக்கிறது. அன்று சாயங்காலமே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுத் தாள் தயாரித்தேன். குட்டி எண் ஒன்று முதல் நான்கு. முடி உதிர்வு, செதில், கண், காது, தோல், குணம். உட்காரும் முன் ஊதிய அளவு, அரை மணி கழித்து ஊதிய அளவு.

"நாய் எடுக்கப் போறியா, பேரிங் எடுக்கப் போறியா?" என்றார் கணவர்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மூவரும் பைக்கில் கிளம்பினோம். ஒரகடம் சிக்னலைத் தாண்டுவதற்குள் மகள் எத்தனை முறை "வந்துடுச்சா?" என்று கேட்டாள் என்று கணக்கில்லை. நெல்லைக்காரர் வீடு கோயிலுக்குப் பின்பக்கச் சந்தில் இருந்தது. அவர் மனைவி, என்னைவிடச் சின்னப் பெண், வாசலுக்கே ஓடி வந்தாள். "வாங்கக்கா, வாங்க. நீங்க வருதீயன்னு காலையிலயே சொல்லிட்டாவ."

நான்கு குட்டிகளும் ஒரு பழைய பட்டுப்புடவைத் துண்டின் மேல் வரிசையாக உட்கார வைக்கப்பட்டிருந்தன. பெண் பார்க்க வந்த வீடு மாதிரி தட்டில் கேசரி, பஜ்ஜி. குட்டிகளிடமிருந்து அப்படி ஒரு வாசனை! கைக்குழந்தை இருக்கிற வீட்டு வாசனை. நான் ஒன்றைத் தூக்கி மோந்து பார்த்து, "அய்யோ, இன்னாமா மணக்குது!" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

மகள் முதல் மூன்றைப் பார்க்கவே இல்லை. நான்காவது குட்டி நேராக வந்து அவள் பாவாடை நாடாவைக் கடித்துக்கொண்டு படுத்துவிட்டது. மங்கிய சந்தன நிறம். ஒரு காது தொங்கியது, மற்றொன்று பாதியில் மடிந்து உள்பக்கம் தெரிய நின்றது. "இதுதாம்மா," என்றாள் மகள். நான் பேனாவை எடுத்தேன். காது இரண்டும் ஒன்றுபோல் இல்லை, தவறு. நிறம் மங்கல். வலது கன்னத்தில் கரும்புள்ளி. என் கறுப்புத் துப்பட்டாவால் ஒவ்வொன்றையும் தேய்த்துப் பார்த்தேன். முடி ஒன்றிரண்டுதான் வந்தது. ஆனால் வெள்ளையாகப் பொடி மாதிரி அப்பிக்கொண்டது. செதில், அதிகம், தவறு.

அரை மணி கழித்து மகள் ஊதினாள். முள் பச்சைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. சந்தோஷத்தில் சரியாக ஊதவில்லை என்று நினைத்துக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறு போனபோது வாசனை இன்னும் தூக்கலாக இருந்தது. அளவு இன்னும் கொஞ்சம் இறங்கியது. துப்பட்டாவில் வெள்ளை இன்னும் அதிகம். நான்காவது குட்டியின் கரும்புள்ளி அன்று இடது கன்னத்தில் இருந்தது. போன வாரம் நான்தான் அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டேன் என்று முடிவு கட்டி, 'வலது' என்பதை அடித்து 'இடது' என்று திருத்தினேன். எழுதிய ரெக்கார்டைத் திருத்துகிற டிரெயினியை நான் அன்றைக்கே சூப்பர்வைசரிடம் கொண்டுபோய் நிறுத்துவேன். அதையே நான் செய்தேன், கொஞ்சமும் உறுத்தவில்லை.

மூன்றாவது ஞாயிறு முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. மகளின் நெஞ்சில் விசில் கேட்டது. மருந்து பம்பை இரண்டு அழுத்து அழுத்தி, வாசலில் காற்றாட உட்கார வைத்தோம். நெல்லைக்காரப் பெண் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். நான்காவது குட்டி வாசற்படி வரை வந்து, இறங்கத் தெரியாமல் அங்கேயே நின்று கத்தியது.

வீட்டுக்கு வந்ததும் மூன்று வாரத்து அளவையும் புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். சறுக்குமரம் மாதிரி கீழே போனது. நான்கு குட்டிக்கும் சேர்த்து ஒரே வார்த்தை எழுதினேன்: ரிஜெக்ட்.

மகள் அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். நிதானமாகக் கடைசி வரி வரை படித்தாள்.

"காது ஒண்ணா இல்லன்னு கூட எழுதியிருக்க."

"அது சும்மா எழுதி வெச்சதுடி."

"நான் உங்க கம்பெனிக்கு லாரில வந்து எறங்கியிருந்தா எனக்கும் செவப்புதானேம்மா கட்டியிருப்ப? எனக்கும் நெஞ்சு சரியில்லல்ல."

கோபமாகக் கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டாள். அடுப்பில் பால் இருக்கிற மாதிரி சமையலறைக்குள் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

வேண்டாம் என்பதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. மூன்று வாரமாகப் பஜ்ஜி போட்டுக் கொடுத்தவர்கள். "நேர்ல போயி சொல்லிட்டு வா, அதான் மரியாத," என்றார் கணவர். அவருக்கு அந்த வாரம் முழுக்கச் சாயங்கால டிரிப். வியாழக்கிழமை முதல் ஷிப்ட் முடித்து, யூனிபாரத்தோடேயே ஸ்கூட்டியில் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டேன். ஒரே ஒரு தடவை பார்த்து டாட்டா சொல்லிவிட்டு வருகிறேன் என்று கேட்டிருந்தாள். வாசலிலேயே நின்று பார்க்க வேண்டும், தூக்கக் கூடாது, மருந்து பம்ப் பாக்கெட்டில் இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

சந்துக்குள் நுழையும்போதே குட்டிகள் தெருக்குழாயடியில் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று எங்களைப் பார்த்ததும் பாய்ந்து வந்தது. நான் திகைத்துப் போனேன். நல்ல வெல்லப்பாகு நிறம்! சுருள் சுருளாக முடி, வெயிலில் மின்னுகிறது. கன்னத்தில் எந்தப் புள்ளியும் இல்லை. இது எங்கிருந்து வந்தது? குட்டியை மாற்றிவிட்டார்களா? சரக்கு லாட் மாறிப்போனதை நான் கண்டுபிடித்த பழைய கேஸ்களெல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. அப்புறம்தான் அந்த மடிந்த காதைப் பார்த்தேன். அதே காது.

நான் காதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மகள் தரையில் உட்கார்ந்து, குட்டியைத் தூக்கி, முகத்தை அதன் வயிற்றுக்குள் புதைத்துவிட்டாள். "ஏய்!" என்று நான் கத்தியது தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். பிடித்து இழுத்தால் அழுவாள், அழுதால் இழுப்பு வரும். பம்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். இருமல் வருமா என்று பார்த்தேன். வரவில்லை. கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. அவள் குட்டியோடு சேர்ந்து சேற்றில் புரண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். பையிலிருந்து குழலை எடுத்து நீட்டினேன். ஊதினாள். முள் பச்சைக் கோட்டில் நின்றது. இன்னொரு முறை ஊதச் சொன்னேன். பச்சைக்கும் மேலே போனது.

இதற்குள் நெல்லைக்காரப் பெண் உள்ளேயிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தாள். "அய்யோ, என்னக்கா இப்படித் திடீர்னு வந்து நிக்கீய? ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? பிள்ளைகளக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு வச்சிருப்பேனே!"

"இன்னா பவுடர்?"

"கொழந்தைகளுக்குப் போடுத பவுடர்தான்க்கா. பாக்க வாறவங்க முன்னால நாத்தத்தோடயா நிறுத்த முடியும்? குளிப்பாட்டி, தொடச்சி, பவுடர் போட்டு, கண்ணு படக் கூடாதுன்னு கன்னத்துல ஒரு மைப்பொட்டு வப்பேன். மொத வாரம் நீங்க மணக்குன்னு சொன்னீயல்லா? அதான் அடுத்த வாரம் கூடக் கொஞ்சம் போட்டேன். போன வாரம் ஒரு டப்பாவே காலி."

நான் அப்படியே குழாய்க்கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் எட்டு வருஷமாகப் பவுடர் டப்பாவே கிடையாது. வீசிங் என்று தெரிந்த அன்றைக்கே டாக்டரம்மா சொல்லி முதலில் தூக்கிப் போட்டது அதைத்தான். அந்த வாசனை போய் இத்தனை வருஷம் ஆனதால்தான் முதல் நாள் எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருக்கிறது. துப்பட்டாவில் ஒட்டியது செதில் இல்லை. மங்கிய சந்தனம் அதன் நிறம் இல்லை. கன்னம் மாறி மாறி உட்கார்ந்த கரும்புள்ளி மச்சமும் இல்லை. எல்லாவற்றையும் பார்த்தேன், எல்லாவற்றையும் எழுதினேன், ஒன்றும் விளங்கவில்லை.

இரும்புப் பாகங்கள் எங்களுக்கு வரும்போது துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசித்தான் வரும். அந்த எண்ணெயோடு அளந்தால் அளவு தப்பாகக் காட்டும். அதனால் புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம், "தொடச்சிட்டு அளங்கடி." பதினான்கு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்துகிறேன். என் மகள் ஆசைப்பட்ட குட்டியை மூன்று வாரம் துடைக்காமல் அளந்திருக்கிறேன்!

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எதற்குச் சிரிக்கிறேன் என்று தெரியாமல் அந்தப் பெண்ணும் சிரித்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் கண் கலங்கிவிட்டது. "ஒன் நெஞ்ச நானாடி கெடுத்தேன்?" என்று மகளின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஆசையா செஞ்சீங்க. பாத்துகினு இருந்த நான்தான் மக்கு," என்றேன். பெருந்தன்மைக்குச் சொல்லவில்லை, அதுதான் உண்மை.

இருந்தாலும் ஒரு தடவை பச்சை காட்டியதை வைத்துக்கொண்டு நான் டேக் கட்டுகிறவள் இல்லை. டாக்டரம்மாவுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். பத்து நாள் வீட்டில் வைத்துப் பாருங்கள், படுக்கை அறைக்குள் விடாதீர்கள், விசில் கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார். எண்ணிப் பார்த்தால் பத்தாவது நாள், நெல்லைக்காரர்கள் வீடு காலி செய்கிற அதே ஞாயிற்றுக்கிழமை. அன்று காலையில் எங்களிடம் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பது, வேண்டாம் என்றால் எங்கள் பக்கம் வந்து குட்டியையும் தாயோடு ஏற்றிக்கொண்டு போவது என்று பேசிக்கொண்டோம். அப்படிப் போனால் அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால். மகளிடம் இதை ஒளிக்காமல் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அந்தப் பத்து நாள் எங்கள் வீடு வீடாக இல்லை, திருவிழாவாக இருந்தது. குட்டியைக் கால்நடை டாக்டரிடம் காட்டி ஊசி போட்டோம். வெறும் தண்ணீரில் குளிப்பாட்டினோம். குட்டி கணவரின் காக்கிச் சட்டை பட்டன் இரண்டை விழுங்கியது, ஒன்று மறுநாள் வெளியே வந்தது. என் செக்‌ஷீட்டைக் கிழித்துப் போட்டது, அதற்காக நான் அதைத் திட்டவில்லை. காலையும் மாலையும் மகள் ஊதினாள். பச்சை, பச்சை, நடுவில் ஒரு நாள் பச்சைக்குச் சற்றுக் கீழே, மறுபடியும் பச்சை. நான் கம்பெனியில் சரக்கை அளந்துகொண்டே வீட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். மணியடித்ததும் பஸ்ஸுக்கு முதல் ஆளாக ஓடினேன்.

பத்தாவது நாள் காலை. முந்தின நாள் முழுக்க மகளும் குட்டியும் வெயிலில் ஓடியிருந்தார்கள். மகள் எழுந்து வந்து கூடத்துப் பாயில் மறுபடியும் படுத்திருந்தாள், குட்டி அவள் வயிற்றை ஒட்டிப் போர்வைக்குள் சுருண்டிருந்தது. வாசலில் கணவர் காதில் போனோடு நின்றார். "வண்டி ரெடியாம். தாயி கூட ஏறிடுச்சாம். இன்னா சொல்றது?" என்று கேட்டார்.

நான் பாயில் மண்டியிட்டு அவள் முதுகில் காதை வைத்தேன்.

விசில். சின்னதாக, மெல்லியதாக, ஏறி இறங்கி. எட்டு வருஷமாக எனக்குத் தெரிந்த அதே சத்தம். எப்படிச் சொல்லப் போகிறேன்? இன்னொரு முறை அந்த அழாத முகத்தை எப்படிப் பார்க்கப் போகிறேன்?

அவள் முகத்தைப் பார்த்தேன். தூங்கவில்லை. கண்ணை இறுக மூடியிருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, கன்னம் உப்ப, மூச்சை அடக்கிப் பிடித்திருந்தாள். எனக்குச் சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று மூச்சே விடாமல் கிடந்தாள் என் குழந்தை. அந்த முதுகு அசையவே இல்லை.

ஆனால் விசில் வந்துகொண்டிருந்தது.

போர்வையை விலக்கினேன். குட்டி மல்லாந்து, நான்கு காலையும் விரித்துப் போட்டுக்கொண்டு, மடிந்த காது மூக்கின் மேல் கிடக்க, விசிலடித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"அடியேய், மூச்ச உடுடி!" என்று கத்தினேன். "உடுடி, உடு! அது நீ இல்ல!"

விட்டாள். நான் மறுபடியும் அவள் முதுகில் காதை அழுத்தி வைத்துக்கொண்டேன். நீளமான மூச்சு, உள்ளே போய் வெளியே வந்தது, எந்தச் சத்தமும் இல்லாமல். தலையைத் தூக்காமலேயே வாசல் பக்கம் கையை ஆட்டினேன்.

"கெளம்பச் சொல்லுங்க."